கணினிவழித் தொலைநோக்கிக் கட்டுப்பாடு

கணினிவழித் தொலைநோக்கிக் கட்டுப்பாடு என்பது, மோட்டார் பொருத்தப்பட்ட தொலைநோக்கித் தாங்கியைக் கணினியுடன் இணைத்து, கோளரங்க மென்பொருளின் வான்வரைபடத்தில் தெரிவுசெய்யும் வான்பொருளை நோக்கித் தொலைநோக்கியைத் திருப்பும் முறையாகும். திரையில் ஒரு விண்மீனையோ நெபுலாவையோ சொடுக்கி ஆணையிட்டால் மோட்டார்கள் சுழன்று தொலைநோக்கி அத்திசைக்குத் திரும்பும். பின்னர் புவியின் சுழற்சியை ஈடுசெய்து அப்பொருளைப் பின்தொடரும். தொலைநோக்கி அவ்வேளையில் எங்கே நோக்குகிறது என்பதும் வரைபடத்தில் ஒரு குறியாகத் தெரியும்.

இம்முறையில் தொடக்கநிலையினரைக் குழப்புவது ஒன்றே. திரையில் காணும் குறி, தொலைநோக்கி உண்மையில் காணும் இடம் அன்று. தொலைநோக்கி நோக்குவதாகத் தாங்கி கணக்கிட்டுக்கொண்டிருக்கும் இடமே அது. இக்கணக்கும் உண்மையான வானமும் ஒத்துப்போனால்தான் தெரிவுசெய்த பொருள் கண்வில்லையில் தெரியும். அவ்வாறு ஒத்துப்போகச் செய்வதே இத்துறையில் கற்க வேண்டியவற்றுள் முதன்மையானது.

தாங்கி எவ்வாறு திசையை அறிகிறது

தொலைநோக்கித் தாங்கியில் ஒன்றுக்கொன்று செங்குத்தான இரண்டு அச்சுகள் உள்ளன. ஒவ்வோர் அச்சையும் ஒரு மோட்டார் பற்சக்கரங்கள் வழியாகச் சுழற்றுகிறது. பொதுவாகப் பயன்படும் தாங்கிகளில் திசையை அறியும் உணரி எதுவும் இல்லை. மோட்டார் எத்தனை படிகள் சுழன்றது என்பதை மட்டுமே தாங்கியின் மின்சுற்று எண்ணுகிறது.

எடுத்துக்காட்டாக, ஸ்கைவாட்சர் நிறுவனத்தின் ஈக்யூ6 வகைத் தாங்கியில் அச்சு ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 90,24,000 நுண்படிகள் தேவை. ஒரு முழுச் சுற்று என்பது 360 பாகை. ஒரு பாகைக்கு 60 வில்நிமிடம், ஒரு வில்நிமிடத்திற்கு 60 வில்விநாடி. எனவே ஒரு நுண்படி சுமார் 0.14 வில்விநாடிக்குச் சமம். விண்மீன்கள் வானில் நகர்வதாகத் தோன்றும் வேகம் விநாடிக்குச் சுமார் 15 வில்விநாடி. ஆகவே ஒரு விண்மீனைப் பின்தொடர இத்தாங்கியின் மோட்டார் விநாடிக்கு ஏறத்தாழ 105 நுண்படிகள் சுழல வேண்டும்.

எண்ணிக்கை இவ்வளவு நுட்பமானது என்றாலும், எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பது தாங்கிக்குத் தெரியாது. தொடக்க நிலையைப் பயனரே தெரிவிக்க வேண்டும். அச்சின் பிடிப்பைத் தளர்த்திக் குழாயைக் கையால் திருப்பினால் மோட்டார் சுழல்வதில்லை, எண்ணிக்கையும் மாறுவதில்லை. தொலைநோக்கி வேறு திசைக்குச் சென்றிருந்தாலும் திரையில் குறி பழைய இடத்திலேயே நிற்கும். அச்சிலேயே தனிக் குறியாக்கி பொருத்தப்பட்ட சில தாங்கிகள் மட்டும் இத்தகைய அசைவை உணர வல்லவை.

தாங்கிகளின் வகைகள்

மோட்டார் தாங்கிகளை இரண்டு பெரும் பிரிவுகளாகக் கொள்ளலாம்.

கிடை–குத்துத் தாங்கி: ஓர் அச்சு தரைக்குக் கிடையாக எல்லாத் திசைகளிலும் சுழலும், மற்றது குழாயை மேலும் கீழும் உயர்த்தும். அமைப்பது எளிது. ஆனால் விண்மீனைப் பின்தொடர இரண்டு மோட்டார்களும் மாறிக்கொண்டே இருக்கும் வேகத்தில் இயங்க வேண்டும். பார்வைப்புலமும் மெல்லச் சுழலும்.

துருவ அச்சுத் தாங்கி: ஓர் அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாகச் சாய்த்து வைக்கப்படும். அவ்வச்சு மட்டும் சீரான வேகத்தில் 23 மணி 56 நிமிடம் 4 விநாடிக்கு ஒரு சுற்று என்று சுழன்றால் போதும். விண்மீன் பார்வையில் நிலைத்து நிற்கும். நீண்டநேர ஒளிப்படங்களுக்கு இவ்வகையே பெரிதும் பயன்படுகிறது.

கோளரங்க மென்பொருளின் பங்கு

கோளரங்க மென்பொருள் ஓர் இடத்தில் ஒரு நேரத்தில் வானம் எவ்வாறு தோன்றும் என்பதைக் கணித்து வரையும் மென்பொருளாகும். பிரான்சு நாட்டு நிரலர் பாபியன் செரோ 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஸ்டெல்லாரியம், கேடிஈ குழுமத்தின் கேஸ்டார்ஸ், ஸ்கை சார்ட் என்றும் வழங்கும் கார்ட் டு சியேல் ஆகியவை கட்டணமின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருள்கள்.

ஒவ்வொரு வான்பொருளுக்கும் வானில் ஒரு முகவரி உண்டு. புவியின் நெட்டாங்கை ஒத்தது வல எழுச்சிக் கோணம். அகலாங்கை ஒத்தது நடுவரை விலக்கம். ஓரியன் நெபுலாவின் வல எழுச்சிக் கோணம் சுமார் 5 மணி 35 நிமிடம். நடுவரை விலக்கம் சுமார் −5 பாகை 23 வில்நிமிடம். பயனர் ஓரியன் நெபுலாவைத் தெரிவுசெய்து ஆணையிடும்போது மென்பொருள் தாங்கிக்கு அனுப்புவது இவ்விரு எண்களையே. அவற்றை மோட்டார் படிகளாக மாற்றுவது தாங்கியின் மின்சுற்றோ அதற்குரிய இயக்கி மென்பொருளோ செய்யும் வேலை. இம்மாற்றத்திற்கு நேரமும் இடமும் தொடக்க நிலையும் தேவைப்படுகின்றன.

இடைமொழிகளும் இயக்கிகளும்

கணினியும் தாங்கியும் பேசிக்கொள்ள ஒரு பொது மொழி வேண்டும். மீட் நிறுவனம் 1992-ல் வெளியிட்ட எல்எக்ஸ்200 தொலைநோக்கியின் கட்டளைத் தொகுதி இவற்றுள் பெரிதும் பரவியது. ஒவ்வொரு கட்டளையும் முக்காற்புள்ளியில் தொடங்கிச் சில எழுத்துகளுடன் எண்குறியில் முடியும். இலக்கின் முகவரியைக் குறித்தல், அங்கே திருப்புதல், இப்போதைய இடத்தைக் கேட்டல், நிறுத்துதல் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன. பிற நிறுவனங்களின் தாங்கிகளும் தாமே செய்யும் தாங்கிகளும் இன்றும் இம்மொழியைப் புரிந்துகொள்கின்றன. செலஸ்ட்ரான், ஸ்கைவாட்சர் போன்ற நிறுவனங்களுக்குத் தனிக் கட்டளைத் தொகுதிகளும் உண்டு.

ஒவ்வொரு மென்பொருளும் ஒவ்வொரு தாங்கியின் மொழியையும் கற்பது இயலாது என்பதால் இடைநிலை அமைப்புகள் உருவாயின.

ஆஸ்காம்: பாப் டென்னி 1990-களின் இறுதியில் தொடங்கிய அமைப்பு. விண்டோஸ் இயங்குதளத்திற்கு உரியது. தாங்கிக்குரிய ஆஸ்காம் இயக்கியை நிறுவினால், ஆஸ்காமை ஏற்கும் எந்த மென்பொருளும் அத்தாங்கியை இயக்கலாம். இதன் அடுத்த வடிவமான அல்பாக்கா, வலையமைப்பு வழியாகப் பிற இயங்குதளங்களிலும் இயங்குகிறது.

இண்டி: எல்வுட் டவுனி உருவாக்கிய அமைப்பு. லினக்சு, மேக் இயங்குதளங்களில் மிகுதியாகப் பயன்படுகிறது. இதில் இயக்கி ஒரு கணினியிலும் வான்வரைபடம் மற்றொன்றிலும் இருக்கலாம். தொலைநோக்கியருகே ஒரு ராஸ்பெரி பை சிறுகணினியை வைத்துவிட்டு வீட்டினுள் இருந்து இயக்குவோர் இவ்வமைப்பை விரும்புகின்றனர்.

வட இணைப்பு

பழைய தாங்கிகள் ஆர்எஸ்-232 எனும் தொடர் இணைப்பைப் பயன்படுத்துகின்றன. இக்காலக் கணினிகளில் அவ்விணைப்பு இல்லாததால் யூஎஸ்பி மாற்றி வடம் தேவை. புதிய தாங்கிகள் பலவற்றில் யூஎஸ்பி அல்லது வைஃபை வசதி உள்ளது. வடத்தைச் செருகியதும் கணினி அதற்கு ஒரு போர்ட் எண்ணை வழங்கும். இயக்கியின் அமைப்பிலும் அதே எண்ணைத் தர வேண்டும். தொடர்பு வேகமும் பொருந்த வேண்டும். எல்எக்ஸ்200 வகைக்கும் செலஸ்ட்ரான் கைக்கருவிக்கும் அது பொதுவாக விநாடிக்கு 9,600 பிட்டுகள்.

வடத்தின் முனை பொருந்துகிறது என்பதால் மட்டும் அதனைச் செருகக் கூடாது. தொலைபேசி வடம் போன்ற ஒரே வகை முனையைப் பல நிறுவனங்கள் வெவ்வேறு மின்னழுத்தங்களுக்குப் பயன்படுத்துகின்றன. கைக்கருவிக்கு உரிய ஆர்எஸ்-232 வடத்தை மோட்டார் மின்சுற்றின் முனையில் நேரடியாகச் செருகினால் மின்சுற்று பழுதாகலாம். தாங்கியின் கையேட்டில் குறித்த வடத்தை, குறித்த இடத்தில் மட்டுமே இணைக்க வேண்டும்.

நேரமும் இடமும்

புவி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஆகவே நேரத்தில் 4 நிமிடம் பிழை இருந்தால் திசையில் 1 பாகை பிழை ஏற்படும். 1,000 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள தொலைநோக்கியில் 25 மில்லிமீட்டர் கண்வில்லையைப் பொருத்தினால் 40 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். கண்வில்லையின் தோற்றப் புலம் 50 பாகை எனில் வானில் தெரியும் பரப்பின் அகலம் 1.25 பாகையே. நடுவிலிருந்து விளிம்பு வரை சுமார் 0.6 பாகை. எனவே நேரத்தில் 3 நிமிடப் பிழையே பொருளைப் பார்வைக்கு வெளியே தள்ளிவிடும்.

இந்தியாவும் இலங்கையும் உலகப் பொது நேரத்திற்கு 5 மணி 30 நிமிடம் முன்னே உள்ளன. நேர வலயத்தை 5 என்று மட்டும் தந்து அரை மணியை விட்டுவிட்டால் தொலைநோக்கி 7.5 பாகை விலகும். மேற்கண்ட கண்வில்லையின் பார்வைப்புலத்தைப்போல ஆறு மடங்கு தொலைவு அது. கோடைக்கால நேரம் என்னும் தெரிவு இந்நாடுகளில் எப்போதும் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். இயக்கிவிட்டால் 15 பாகை விலகும். நெட்டாங்கில் கிழக்கு, மேற்கு மாறினால் பிழை இன்னும் பெரிது. சென்னையின் நெட்டாங்கு கிழக்கு 80.3 பாகை. அதனை மேற்கு எனக் கொடுத்தால் கணக்கு 160 பாகைக்கும் மேல் தவறி, தொலைநோக்கி தரையை நோக்கவும் கூடும்.

நேரம், இடம் ஆகியவை கைக்கருவி, இயக்கி, கோளரங்க மென்பொருள் என மூன்று இடங்களில் தனித்தனியே பதிவாகியிருக்கலாம். ஒன்றில் திருத்தினால் மற்றவை தாமே திருந்திவிடும் எனக் கொள்ளாமல் மூன்றையும் சரிபார்ப்பது நல்லது.

துருவச் சீரமைப்பு

துருவ அச்சுத் தாங்கியின் அச்சு வான வடதுருவத்தை நோக்க வேண்டும். துருவ விண்மீன் வான வடதுருவத்திலிருந்து 0.7 பாகைக்கும் சற்றுக் குறைவான தொலைவிலேயே உள்ளதால் அது வழிகாட்டியாகப் பயன்படுகிறது. அச்சின் சாய்வு அவ்விடத்தின் அகலாங்கிற்குச் சமம். தமிழ்நாட்டில் அது ஏறத்தாழ 8 முதல் 13.5 பாகை வரை. இலங்கையில் 6 முதல் 10 பாகை வரை.

இவ்வளவு தாழ்வான சாய்வில் இரண்டு இடர்கள் உண்டு. துருவ விண்மீன் அடிவானத்தை ஒட்டி இருப்பதால் கட்டடங்களும் மரங்களும் மூடுபனியும் அதை மறைத்துவிடும். சில தாங்கிகளில் எதிர் எடைத் தண்டு முக்காலியின் காலில் இடிக்கும். துருவ விண்மீன் தெரியாத இடங்களில் விண்மீன் நகர்வைக் கவனித்து அச்சைத் திருத்தும் நகர்வு முறையோ, ஒளிப்படத்தைக் கொண்டு திருத்தும் மென்பொருள் முறையோ கைகொடுக்கும்.

அச்சு 1 பாகை விலகியிருந்தால் பின்தொடரும்போது விண்மீன் நிமிடத்திற்கு 16 வில்விநாடி வரை நகரக்கூடும். கண்ணால் பார்ப்பதற்கு இது பெருங்குறை அன்று. ஆனால் ஒளிப்படத்தில் விண்மீன்கள் கோடுகளாக நீண்டுவிடும். மென்பொருளின் ஒத்திசைவு ஆணை திசைக் கணக்கை மட்டுமே திருத்தும்; சாய்ந்த அச்சை நிமிர்த்தாது.

ஸ்டெல்லாரியத்தில் செயல்முறை

1. எஃப்2 விசையை அழுத்தி அமைப்புச் சாளரத்தைத் திறந்து, செருகுநிரல் பகுதியில் தொலைநோக்கிக் கட்டுப்பாட்டைத் தொடக்கத்திலேயே ஏற்றும்படி குறித்து, மென்பொருளை மீண்டும் தொடங்க வேண்டும்.

2. செருகுநிரலின் அமைப்பில் புதிய தொலைநோக்கியைச் சேர்த்து, இணைப்பு முறையைத் தெரிவுசெய்ய வேண்டும். தொடர் போர்ட், ஆஸ்காம், இண்டி ஆகியவை முதன்மையான தெரிவுகள்.

3. தாங்கியைத் தொடக்க நிலையில் வைக்க வேண்டும். துருவ அச்சுத் தாங்கிகள் பலவற்றில் எதிர் எடை கீழேயும் குழாய் துருவத்தை நோக்கியும் இருப்பதே தொடக்க நிலை. அதன்பின் மின்சாரத்தை இயக்க வேண்டும்.

4. இணைத்ததும் வரைபடத்தில் தொலைநோக்கிக் குறி தோன்றும். அது துருவத்தருகே தோன்றினால் இதுவரை கணக்கு சரி.

5. ஒளிமிக்க விண்மீன் ஒன்றைத் தெரிவுசெய்து கண்ட்ரோல், 1 ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் முதல் எண் தொலைநோக்கி அதை நோக்கித் திரும்பும். ஓரியன் நெபுலாவைக் காண விரும்புவோர் அதனருகே உள்ள திருவாதிரை விண்மீனைத் தெரிவுசெய்யலாம்.

6. விண்மீன் கண்வில்லையின் நடுவில் இராது. அம்பு விசைகளால் அதை நடுவே கொண்டுவந்து, கண்ட்ரோல், ஷிஃப்ட், 1 ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தி ஒத்திசைவு ஆணை தர வேண்டும். தாங்கி நோக்கும் இடம் இதுவே என்று அப்போது பதிவாகும்.

7. பின்னர் நெபுலாவைத் தெரிவுசெய்து திருப்ப வேண்டும்.

ஒத்திசைவு விண்மீனை இலக்கின் அருகிலேயே தெரிவுசெய்வதற்குக் காரணம் உண்டு. அச்சின் சாய்வு, குழாயின் வளைவு, பல்லிடைவெளி ஆகியவற்றால் எழும் பிழைகள் வானின் ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வோர் அளவில் இருக்கும். ஓரிடத்தில் திருத்திய கணக்கு வானின் மறுபக்கத்தில் பொருந்தாமல் போகலாம்.

மென்பொருளின் நேரம் நடப்பு நேரமாக இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பயனர் கிரகணம் ஒன்றைக் காண நேரத்தை முன்னே ஓட்டிவிட்டு மறந்திருக்கலாம். விண்மீன்களின் முகவரி இதனால் மாறாது. ஆனால் நிலா மணிக்கு ஏறத்தாழ அரை பாகை நகர்வதால் அதன் முகவரி பெரிதும் மாறிவிடும். விண்மீன்கள் சரியாகக் கிடைத்து நிலாவும் கோள்களும் மட்டும் தவறினால் இதுவே காரணமாகலாம். 8 என்னும் விசை ஸ்டெல்லாரியத்தை நடப்பு நேரத்திற்குக் கொண்டுவரும்.

ஜே2000 முகவரியும் நடப்பு முகவரியும்

புவியின் அச்சு பம்பரம்போல மெல்லத் தலையாட்டுவதால் விண்மீன்களின் முகவரிகள் ஆண்டுக்குச் சுமார் 50 வில்விநாடி மாறுகின்றன. எனவே விண்மீன் பட்டியல்கள் 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்கு உரிய முகவரிகளைத் தருகின்றன. இதுவே ஜே2000 முறை. தாங்கிகள் பலவும் அன்றைய நாளுக்குரிய முகவரியை எதிர்பார்க்கின்றன. 25 ஆண்டுகளில் இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு சுமார் 21 வில்நிமிடம், அதாவது நிலாவின் தோற்ற விட்டத்தில் மூன்றில் இரு பங்கு ஆகிவிட்டது. மென்பொருளில் தாங்கிக்கு ஏற்ற முறையைத் தெரிவுசெய்யாவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் இலக்கு பார்வைப்புலத்தின் விளிம்பிலேயே நிற்கும்.

ஒளிப்படத்தால் இடமறிதல்

தொலைநோக்கியில் ஒளிப்படக்கருவி இருந்தால், கணக்கையும் வானத்தையும் தானாகவே ஒப்பிடலாம். சில விநாடி ஒளிப்படம் ஒன்றை எடுத்து, அதிலுள்ள விண்மீன்களின் அமைப்பை விண்மீன் பட்டியலுடன் பொருத்திப் பார்க்கும் மென்பொருள், படத்தின் நடுப்புள்ளியின் முகவரியைக் கண்டறிகிறது. அஸ்ட்ரோமெட்ரி.நெட், ஆஸ்டாப் ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன. கிடைத்த முகவரியால் தாங்கியை ஒத்திசைத்து மீண்டும் திருப்பினால் இலக்கு நடுவில் அமையும். தாங்கியின் கணக்கை வானமே திருத்தும் வழி இது.

பிழைகளும் காரணங்களும்

எல்லாப் பொருள்களும் கிழக்கிலோ மேற்கிலோ ஒரே அளவு விலகினால் நேரம், நேர வலயம், நெட்டாங்கு ஆகியவற்றில் பிழை இருக்கலாம்.

ஒத்திசைத்த விண்மீனின் அருகே சரியாகவும் தொலைவில் தவறாகவும் இருந்தால் துருவச் சீரமைப்போ கிடைமட்டமோ சரியில்லை.

குறி வரைபடத்தில் நகர்ந்து, குழாய் நகராவிட்டால் அச்சின் பிடிப்பு தளர்ந்திருக்கலாம்.

இணைப்பே கிடைக்காவிட்டால் போர்ட் எண், வடம், மாற்றிக்குரிய இயக்கி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரே போர்ட்டை வேறொரு மென்பொருள் பிடித்துவைத்திருப்பதும் உண்டு.

துருவ அச்சுத் தாங்கியில் நேரப்பிழையை ஒத்திசைவு மறைத்துவிடக்கூடும் என்பதைக் கவனிக்க வேண்டும். விண்மீன்கள் கிடைக்கும், ஆனால் எது அடிவானத்திற்குக் கீழே உள்ளது, குழாய் எப்போது முக்காலியில் மோதும் என்ற கணக்குகள் தவறாகவே இருக்கும்.

பாதுகாப்பு

பகலில் இம்முறையைப் பயன்படுத்துவது பேரிடரானது. இரு இடங்களுக்கு இடையே செல்லும்போது குழாய் சூரியனைக் கடந்து செல்லக்கூடும். தாங்கி சூரியனை அறியாது. முகப்பில் உரிய சூரிய வடிகட்டி இன்றிக் கண்வில்லையில் கண் வைத்திருந்தால் நொடிப்பொழுதில் பார்வை நிலையாகப் பறிபோகும். வழிகாட்டும் சிறு தொலைநோக்கிக்கும் இது பொருந்தும். அதை மூடிவைக்க வேண்டும்.

ஈக்யூ6 வகைத் தாங்கி விநாடிக்கு 3 பாகைக்கும் கூடுதலான வேகத்தில் திரும்பவல்லது. திரும்பும்போது வடங்கள் அச்சில் சுற்றி அறுந்துவிடலாம். குழாய் முக்காலியில் மோதலாம். வடக்கிலிருந்து தலையுச்சி வழியாகத் தெற்கே செல்லும் கற்பனைக் கோட்டை இலக்கு கடக்கும்போது, எதிர் எடையுள்ள துருவ அச்சுத் தாங்கிகள் குழாயை மறுபக்கத்திற்கு மாற்ற நேரிடும். அவ்வேளையில் அருகில் ஒருவர் இருப்பது நல்லது. நிறுத்தும் ஆணை எங்கே உள்ளது என்பதைத் திருப்பும் ஆணைக்கு முன்பே அறிந்திருக்க வேண்டும்.

தொலைநோக்கி இன்றிப் பயிலுதல்

ஸ்டெல்லாரியத்தின் இணைப்புத் தெரிவுகளுள் ஒன்று, கருவி ஏதும் இல்லாமல் தொலைநோக்கிக் குறியை மட்டும் நகர்த்திக் காட்டும் பாவனை முறையாகும். ஆஸ்காம், இண்டி ஆகியவற்றிலும் பாவனைத் தாங்கிகள் உள்ளன. தொலைநோக்கி இல்லாத மாணவர்களும் பள்ளிகளும் இவற்றின் மூலம் திருப்புதல், ஒத்திசைவு, முகவரி முறைகள் ஆகியவற்றைப் பழகலாம். ஆயினும் பாவனைத் தாங்கி எப்போதும் இலக்கைச் சரியாகவே அடையும். அதன் வானமும் அதன் கணக்கும் ஒன்றே. உண்மைத் தாங்கியில் அவ்விரண்டையும் ஒன்றாக்குவது பயனரின் வேலை. வரைபடத்தின் உதவியின்றி ஒளிமிக்க பத்து விண்மீன்களையாவது கண்ணால் அடையாளம் காணத் தெரிந்தவருக்கு, குறி காட்டும் இடமும் குழாய் நோக்கும் இடமும் வேறாகும் வேளையில் அது உடனே புலப்படும்.